மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன்

கேள்வி: நாங்கள் வடமேற்கு லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற தாய்மார் சிலர். வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் காசு சேர்த்துக் கொடுக்க விரும்புகிறோம். இங்கே பதிவு செய்த நிறுவனம்தான். ஓர் இராப்போசன நிகழ்ச்சி வைப்பதாகத் தீர்மானித்து மண்டபமும் பார்த்துவிட்டோம். வாடகை 1,200 பவுண்ட், பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். ரிக்கெட் ஆளுக்கு 30 பவுண்ட். 200 பேர் வருவார்கள் என்று நினைக்கிறோம். இசைக்குழு உண்டு. தங்கக் காசு முதற்பரிசாக ஒரு ரஃபிளும் உண்டு.

இப்போது எங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு கதை. ரிக்கெட் காசுக்குக் கிஃப்ட் எயிட் எடுக்கலாம் என்கிறார் ஒருவர், முடியாது என்கிறார் மற்றவர். ரஃபிள் ரிக்கெட்டை இப்போதே வாட்ஸ்அப்பில் விற்கலாமா? வருகிற காசை என் வங்கிக் கணக்கில் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒன்றாக அனுப்பலாமா? சாப்பாட்டை நாங்களே சமைத்தால் செலவு குறையும், ஆனால் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று பயம். பழைய உடுப்புகளையும் சேர்த்துக் கப்பலில் அனுப்புவோம் என்கிறார் ஓர் அக்கா. எல்லாவற்றுக்கும் மேலே, ரிக்கெட் விற்கப் போன இரண்டு வீட்டில் "முந்திக் குடுத்த காசெல்லாம் எங்க போனது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?

— ஒரு வாசகி, ஹரோ

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் சகோதரி. அதற்கு விடை தயாரானால் மற்றவற்றில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

அந்த இரண்டு வீட்டுக்காரர் மீதும் கோபப்படாதீர்கள். போர்க்காலத்திலும், 2004 சுனாமிக்குப் பிறகும் இந்த நாட்டுத் தமிழர் கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி கொடுத்தவர்கள். கொடுத்ததற்குக் கணக்கு வந்தது குறைவு. விடுதலைப் புலிகள் அமைப்பு 2001இல் இங்கே தடைசெய்யப்பட்ட பிறகு, வன்னிக்குப் போகிற காசு என்றாலே வங்கிகளும் நாலு கேள்வி கேட்கத் தொடங்கின. ஆகவே, "எங்களை நம்புங்கள்" என்ற பதில் இன்றைக்குச் செல்லாது. நிறுவனத்தின் பெயர், பதிவு இலக்கம், காசு போய்ச் சேரும் கணக்கு, நிகழ்ச்சி முடிந்து கணக்கு வெளியிடும் நாள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். அந்தத் தாளை எழுதி முடிக்கும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

இந்த ஒழுங்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பங்களாதேஷ் அகதிகளுக்காகப் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜோர்ஜ் ஹாரிசன் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டனில் கச்சேரி நடத்தினார். ஒரே நாளில் இரண்டு காட்சி. வாசலில் வசூலான சுமார் 2,43,000 டொலர் யுனிசெஃப் நிறுவனத்துக்குப் போனது. பின்னால் வந்த இசைத்தட்டும் திரைப்படமும் அதைப்போலப் பல மடங்கு சம்பாதித்தன. ஆனால் வரிவிலக்குக்கான பதிவை முன்கூட்டியே செய்து வைக்காததால், அந்தக் காசு அமெரிக்க வரித் திணைக்களத்தில் ஆண்டுக்கணக்காகச் சிக்கிக் கிடந்தது. உலகமே கொண்டாடிய கச்சேரி அது. காகித வேலை பிந்தியதால் காசும் பிந்தியது.

முதலில் நிறுவனத்தைப் பாருங்கள். சாரிட்டி கமிஷனின் பதிவேட்டை யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடாமல் பதிவு இலக்கத்தை வைத்துத் தேடுங்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் பல உண்டு. அறங்காவலர் யார், வரவு செலவு எவ்வளவு, ஆண்டு அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். தொடர்ந்து பிந்துகிற நிறுவனம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். நன்கொடைக்கு மேல் வரித் திணைக்களம் சேர்த்துத் தருகிற கிஃப்ட் எயிட், கமிஷனில் பதிவு இருப்பதால் மட்டும் கிடைக்காது. அதற்கு வரித் திணைக்களத்தின் அங்கீகாரம் தனியாக வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்களுடைய பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வேண்டும். இலங்கையில் காசைப் பெற்றுச் செலவழிப்பது யார் என்று தெரிய வேண்டும். அங்கே இயங்கும் அமைப்புகளைப் பதிவு செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் அவர்களுடைய பங்காளி அமைப்பு பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகிற காசு கடைசியில் எதற்குச் செலவானது என்று காட்டும் பொறுப்பு இந்த நாட்டு அறங்காவலருக்கு எப்படியும் உண்டு.

துண்டுப் பிரசுரத்தில் எழுதும் வாக்குறுதியையும் அவர்களைக் கேட்டே எழுதுங்கள். "இத்தனை பவுண்ட் தந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதச் சாப்பாடு" என்று நீங்களாகப் போட்டுவிடக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 இலங்கை ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அரிசி, பருப்பு விலையும் கூடவே ஏறியது. ஆகவே இன்றைய விலையை அவர்களிடம் வாங்கி, எந்த மாதத்து விலை என்றும் சேர்த்துப் போடுங்கள்.

பிரசுரத்தின் அடியில் இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும்: "தேவைக்கு மேல் சேர்ந்தாலோ, திட்டத்துக்குப் போதாமல் குறைந்தாலோ, இந்தக் காசை நிறுவனம் தன் மற்றப் பணிகளுக்குப் பயன்படுத்தும்." ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கென்று கேட்டு வாங்கிய காசு சட்டப்படி அந்தப் பள்ளிக்கே உரியது. திட்டம் நின்றுபோனால் அதை வேறெதற்கும் எடுக்க வழியில்லாமல் அறங்காவலர் திண்டாட வேண்டிவரும். இந்த ஒற்றை வரி அதைத் தவிர்க்கும்.

இனி உங்கள் இரவு விருந்தின் கணக்குக்கு வருவோம். நீங்கள் எழுதாத செலவுகளை நானே ஊகித்துப் போடுகிறேன். 200 பேர், ஆளுக்கு 30 பவுண்ட், வரவு 6,000. மண்டபம் 1,200. இசைக்குழுவும் ஒலி ஒளியும் 1,500. அச்சு, அலங்காரம், காப்புறுதி, சில்லறைச் செலவு 400. வெளியில் சொல்லிச் சமைப்பித்தால் தலைக்கு 12 பவுண்ட் வீதம் 2,400. மொத்தச் செலவு 5,500. ஒரு கதிரை மிச்சமில்லாமல் நிறைந்தாலும் வன்னிக்குப் போவது 500 பவுண்ட். 173 பேர் வந்தால்தான் போட்ட முதலே திரும்பும். மழை பெய்து 170 பேரோடு நின்றால் 40 பவுண்ட் கைநட்டம். அப்போதும் வந்தவர்கள், "6,000 சேர்த்தார்களாம்" என்றுதான் வெளியே கதைப்பார்கள்.

விருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விருந்தைக் காசு சேர்க்கும் இயந்திரமாக எண்ணக் கூடாது. விருந்து ஆட்களைச் சேர்க்கும். காசைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மண்டப வாடகையையும் இசைக்குழுவையும் ஊர் வியாபாரிகள் இரண்டு மூன்று பேர் பொறுப்பெடுத்தால் மேலே சொன்ன 500 பவுண்ட் ஒரே பாய்ச்சலில் 3,200 ஆகும். நன்றி சொல்லி அவர்கள் பெயரை மேடையில் போடுங்கள். ஆனால் ஒரு கடைக்காரர், "இந்த மாத விற்பனையில் இத்தனை வீதம் இந்த நிறுவனத்துக்கு" என்று விளம்பரம் செய்ய விரும்பினால், முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், எவ்வளவு போகிறது என்பதையும் வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்கிறது.

முதல் முறை என்பதால் இன்னொரு வழியையும் யோசியுங்கள். நடை. ஹொங்கொங்கில் கூர்க்காப் படையினரின் பயிற்சியாக 1981இல் தொடங்கிய 100 கிலோமீற்றர் நடைதான் பின்னர் ஒக்ஸ்பாமின் 'டிரெயில்வோக்கர்' ஆகிப் பல நாடுகளுக்குப் பரவியது. நாலு பேர் கொண்ட அணி, 48 மணிநேரம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு ஞாயிறு காலை, பூங்காவைச் சுற்றி 5 கிலோமீற்றர், பிள்ளைகளும் வரலாம். 40 பேர் நடந்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து பேர் பத்துப் பத்துப் பவுண்ட் கொடுத்தால் 2,000 பவுண்ட். செலவு தண்ணீரும் தோடம்பழமும்தான். பூங்காவுக்குக் கவுன்சிலிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதி நிறுவனத்துடையது போதுமா, தனியாக எடுக்க வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள்.

கிஃப்ட் எயிட் பற்றி உங்களுக்குள் நடக்கும் வாதத்தில், முடியாது என்றவர் பக்கமே நியாயம். 30 பவுண்ட் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் அது விருந்தின் விலை, நன்கொடை அல்ல. மண்டபத்துக்குள் மேசையில் வைத்த உறையில் ஒருவர் மனமுவந்து போடுகிற 50 பவுண்ட் நன்கொடை. அவர் இந்த நாட்டில் போதிய வருமான வரி கட்டுபவராக இருந்து, முழுப்பெயர், வீட்டு முகவரி எழுதி உறுதிமொழியும் கொடுத்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித் திணைக்களத்திடமிருந்து நிறுவனத்துக்கு வரும். 50 பவுண்ட், 62 பவுண்ட் 50 பென்ஸ் ஆகும். எனவே உறுதிமொழியை அந்த உறையின் மேலேயே அச்சடித்துவிடுங்கள். மேசைக்கு இரண்டு பேனை வையுங்கள். பேனை இல்லாததால் போகிற காசு கொஞ்சநஞ்சமல்ல.

நடைக்கு ஆதரவு தருபவர்களும் படிவத்தில் அவரவர் பெயர், முகவரியை எழுத வேண்டும். ஒருவர் பத்து வீட்டில் வாங்கிய காசைத் தன் ஒரே பெயரில் போட்டுக் கிஃப்ட் எயிட் கேட்க முடியாது. நம்மவர் உதவி என்று நினைத்து அடிக்கடி செய்கிற பிழை இது. கம்பனிக் கணக்கிலிருந்து வரும் காசுக்கும் கிஃப்ட் எயிட் இல்லை. உண்டியலில் விழுகிற சில்லறைக்கு மட்டும் வேறு வழி உண்டு: ஒருவர் 30 பவுண்டுக்கு மேற்படாமல் காசாகவோ, அட்டையைத் தொட்டோ கொடுத்தால், உறுதிமொழி இல்லாமலே நிறுவனம் அதற்கு மேலதிகத் தொகை கோரலாம். ஆண்டுக்கு 8,000 பவுண்ட் வரையான சேகரிப்புக்கு இது பொருந்தும். அதற்கு உண்டியல் காசு அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து எடுத்து இசைக்குழுவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் போடக் கூடாது.

இங்கேயே உங்கள் வங்கிக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். உங்கள் நேர்மையில் சந்தேகம் இல்லை. ஒரு தொண்டுக்கென்று கேட்டு வாங்கிய காசு, வாங்கிய நிமிடமே அந்தத் தொண்டுக்குரியது. அது உங்கள் சம்பளத்தோடும் வீட்டுக் கடனோடும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்துக் காட்ட உங்களால் முடியாமல் போகலாம். வங்கியும் திடீரென்று கணக்கை நிறுத்தி விளக்கம் கேட்கலாம். நன்கொடைகள் நிறுவனத்தின் கணக்குக்கோ அதன் இணைய நன்கொடைப் பக்கத்துக்கோ நேரே போகட்டும். அட்டை இயந்திரம் ஒன்றை அவர்களிடமே இரவலாகக் கேளுங்கள். உண்டியலை ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து திறந்து, எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊருக்குப் போகிறவரின் பெட்டியில் காசாகக் கொடுத்துவிடுகிற யோசனை யாருக்காவது வந்தால் அன்றைக்கே மறுத்துவிடுங்கள்.

ரஃபிளை வாட்ஸ்அப்பில் விற்க வேண்டாம். நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் ரிக்கெட் விற்றால் உரிமமும் பதிவும் தேவையில்லை. அப்போதும் வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும், மற்றச் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் கழிக்கக் கூடாது. தங்கக் காசை ஒரு நகைக்கடைக்காரர் அன்பளிப்பாகத் தந்தால் அது அந்த 500இல் சேராது. இன்றைய தங்க விலைக்கு அதுதான் புத்தி. முன்கூட்டியே வெளியில் விற்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். முதல் ஆண்டுக் கட்டணம் 40 பவுண்ட். வசூலில் குறைந்தது 20 வீதம் தொண்டுக்குப் போக வேண்டும், பிறகு கணக்கும் ஒப்படைக்க வேண்டும். நிறுவனத்திடமே அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரஃபிள் ரிக்கெட்டுக்கும் கிஃப்ட் எயிட் கிடையாது.

மண்டபத்துக்கு மது உரிமம் இல்லாமல் வைன் பரிமாற நினைத்தால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்ட், நிகழ்ச்சிக்கு முன் முழுதாகப் பத்து வேலைநாள் இருக்க வேண்டும், வேலை செய்பவர்களையும் சேர்த்து 500 பேருக்குக் குறைய இருக்க வேண்டும். ரிக்கெட் விலைக்குள் வைனும் அடக்கம் என்றாலும் அது விற்பனைதான். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கான நிகழ்ச்சி, மோரும் நெல்லிரசமும் போதும் என்று முடிவெடுத்தால் இந்தப் பந்தி முழுவதையும் மறந்துவிடலாம்.

சமையல் பற்றிய உங்கள் பயம் நல்ல பயம். எப்போதாவது ஒருமுறை இப்படிச் சமைப்பதற்குப் பொதுவாக உணவு வியாபாரப் பதிவு கேட்க மாட்டார்கள், இருந்தாலும் கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஆபத்து கறியை விடச் சோற்றில்தான் அதிகம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு வெந்த பிறகும் சாகாது. அண்டாவில் மூடிவைத்த சோறு மெல்ல ஆறும்போது அது பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே முதல்நாள் இரவு சோறு வடிக்க வேண்டாம். அன்றைக்கே ஆக்கி, பரிமாறும்வரை 63 பாகை செல்சியசுக்குக் குறையாமல் சூட்டில் வையுங்கள். குளிரில் வைக்க வேண்டியவை 8 பாகைக்கு மேற்படக் கூடாது.

ஒவ்வாமைக்கு இந்த நாட்டுச் சட்டம் 14 பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நம் சமையலில் அவை ஒளிந்திருக்கும் இடங்களே வேறு. கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது, நாம் தாளிக்காத கறி ஏது? எள் இருக்கிறது, ஆகவே நல்லெண்ணெயும் இட்டலிப் பொடியும் கணக்கில் வரும். கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், அதனால் சாம்பாரும் ரசமும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆகாது. சம்பலில் மாசிக் கருவாடு போட்டால் மீன். பாயாசத்தில் பாலும் கஜுவும். ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். கேட்பவருக்குப் பதில் சொல்ல, சமைத்தவர்களில் ஒருவர் பரிமாறும் இடத்தில் நிற்கட்டும்.

உடுப்பு அனுப்பும் யோசனையை அந்த அக்காவின் மனம் நோகாமல் மாற்றிவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில், எங்கெங்கிருந்தோ வந்து யாரும் உடுத்த முடியாத பழைய துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. கொழும்புக்குக் கப்பல் கூலி, சுங்கம், அங்கிருந்து வன்னிக்கு லொறி என்று கூட்டினால், கிளிநொச்சிக் கடையில் புதிதாக வாங்குகிற சட்டையே மலிவு. அங்கத்தைய கடைக்காரருக்கும் நாலு காசு போகும். ஒக்ஸ்பாம் 1940களின் பிற்பகுதியிலேயே ஒக்ஸ்போட் நகரின் புரோட் வீதியில் கடை திறந்து, வந்த பொருளை இங்கே விற்றுக் காசாக்கியது. நீங்களும் அப்படிச் செய்யலாம். ஒரே ஒரு கலியாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலைகள் இந்த ஊர் அலுமாரிகளில் எத்தனை தூங்குகின்றன! அந்த அக்காவின் பொறுப்பில் வாசலில் ஒரு சேலை மேசை போடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து இரண்டு கிழமைக்குள் ஒரு பக்கக் கணக்கு வெளியிடுங்கள். மொத்த வரவு, இனம் இனமாகச் செலவு, மிச்சம், எந்தத் தேதியில் நிறுவனத்துக்குப் போனது, எதிர்பார்க்கும் கிஃப்ட் எயிட் எவ்வளவு. நட்டம் வந்தாலும் வெளியிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சாப்பாட்டுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று நிறுவனத்திடம் ஓர் அறிக்கை வாங்கி அதையும் அனுப்புங்கள். படம் கேட்டு நச்சரிக்க வேண்டாம். கையில் தட்டோடு நிற்கிற பிள்ளையின் முகத்தை நம் பிரசுரத்தில் போடும் உரிமை நமக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. காலைச் சாப்பாடு என்பது பள்ளிக்கூடம் நடக்கிற ஒவ்வொரு நாளும் வேண்டியது. உங்கள் விருந்தோ ஆண்டுக்கு ஓர் இரவு. ஆகவே அன்றிரவு மேடையில் ஒருவர் ஐந்து நிமிடம் மட்டும் பேசி, ஒன்றே ஒன்றைக் கேட்கட்டும்: மாதம் 5 பவுண்ட், ஸ்டாண்டிங் ஓடராக, நேரே நிறுவனத்தின் கணக்குக்கு. 60 பேர் இணங்கினால் ஆண்டுக்கு 3,600 பவுண்ட். அத்தனை பேரும் வரி கட்டுபவர்களாக இருந்தால் கிஃப்ட் எயிட்டோடு 4,500. அதற்கு மண்டபமும் வேண்டாம், இசைக்குழுவும் வேண்டாம், அடுத்த ஆண்டு நீங்கள் கதவு கதவாகத் தட்டவும் வேண்டாம். அங்கே சமைக்கிறவர்களும் அடுத்த தவணைக்கு எத்தனை மூட்டை அரிசி எடுக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். மண்டபம் நிறைந்ததா என்று பார்க்காதீர்கள். எத்தனை பேர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று எண்ணுங்கள்.